இதழும் இணையமும் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இதழியல், காட்சித் தொடர்பியல், தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் கடைசி செமஸ்டர் வந்தால் ப்ராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு வார இதழோ வெப்சைட்டோதான் தலைப்பு. சந்தேகங்களும் வருஷா வருஷம் அதேதான். அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வாருங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அக்கா, மீடியா படிச்சா ரிப்போர்ட்டர் ஆகலாம், நியூஸ் ரீடர் ஆகலாம். இந்த ‘ஊடக ஆய்வு’ன்னா என்ன பண்ணணும்?

செய்தி எழுதக் கற்பது ஒரு படிப்பு. எழுதி வந்த செய்தி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது வேறொரு படிப்பு. இரண்டாவதுதான் ஊடக ஆய்வு. யார் தயாரிக்கிறார்கள், யாருக்காக, அதில் யாரை எப்படிக் காட்டுகிறார்கள், எந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் மொத்தப் பாடமும்.

பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கு ஒரு துறையே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்விலும் இது தனிப் பாடம். ‘இதுக்கு வேலை கிடைக்குமா’ என்று கேட்கும் அப்பாவிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

வார இதழெல்லாம் யார் படிக்கிறா இப்போ? செத்துப்போன விஷயத்தை எதுக்கு ஆய்வு பண்ணணும்?

சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனந்த விகடன் 1926-ல் தொடங்கியது, எஸ்.எஸ். வாசன் கைக்கு 1928-ல் வந்தது. கல்கி 1941, குமுதம் 1947. இவற்றில் கல்கி 2020 ஊரடங்கோடு அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. நடந்துகொண்டிருக்கும் இந்த மாற்றமே நல்ல தலைப்பு. அச்சில் இருந்தவரை ஒரு தொடர்கதை வாசகரை அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் காக்க வைத்தது. இப்போது அதே ஆசிரியர் குழு, படிப்பவர் அடுத்த பத்தியிலேயே ஓடிவிடுவாரோ என்று பயந்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பயம் நடையை என்ன செய்தது என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும்.

ஒரே நிறுவனம் இதழும் போடுது, வெப்சைட்டும் நடத்துது, யூடியூபும் வெச்சிருக்கு. நான் எதை எடுத்துக்கறது?

மூன்றையும் எடுக்காதீர்கள். மூன்று மாத ப்ராஜெக்ட்டுக்கு அது தாங்காது. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது அச்சில் எப்படி வந்தது, வெப்சைட்டில் எப்படி வந்தது என்று மட்டும் ஒப்பிடுங்கள். தலைப்பு, முதல் பத்தி, படம், படத்துக்குக் கீழே இருக்கும் வரி ஆகிய நாலை ஒழுங்காகப் பார்த்தாலே அறுபது பக்கம் வரும்.

வெப்சைட்டில் தலைப்பை அடிக்கடி மாற்றுவார்கள். ஆனால் இணைய முகவரியில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் பல சமயம் முதலில் வைத்த தலைப்பிலிருந்து வந்தவை. இன்றைய தலைப்பு கூச்சல் போடும், முகவரி சாதுவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒரு உதவி ஆசிரியர் உட்கார்ந்து ‘இது ஓடலை, மாத்து’ என்று மாற்றியிருக்கலாம். கட்டுரையைப் பார்த்த அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். நாளைக்கு அது அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சேலத்துல பழைய இதழ்களுக்கு எங்க போறது? சென்னைக்குத்தான் போகணுமா?

முதலில் மாவட்ட மைய நூலகம். அடுத்தது உங்கள் தெருவில் இருக்கும் பழைய பேப்பர் கடை. அப்புறம் உங்கள் பாட்டி வீட்டுப் பரண். சிரிக்காதீர்கள். தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இன்னும் இருக்கின்றன. அந்த பைண்டு புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதைப் பக்கத்தின் முதுகில் பாதிக் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். ஒரு ஜோக், ஒரு சினிமா விமர்சனத்தின் வால், யாரோ எழுதிய வாசகர் கடிதம் என்று கதைக்காரர் வேண்டாம் என்று நினைத்ததெல்லாம் கதையோடு சேர்ந்து பிழைத்திருக்கும். ஒரே தொல்லை, பைண்டு போடுகிறவர் ஓரத்தை வெட்டும்போது இதழின் தேதியும் போய்விடும். பின்பக்கத்தில் எந்தப் படத்துக்கு விமர்சனம் வந்திருக்கிறது என்று பார்த்தால் மாதத்தைப் பிடித்துவிடலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. அங்கும் கிடைக்காததற்குத்தான் சென்னை, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அழிந்துபோன வெப்சைட் பக்கங்களுக்கு வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. தமிழ் வெப்சைட்டுகளை அது விட்டு விட்டுத்தான் சேமித்திருக்கும், அதை எதிர்பார்த்தே போங்கள்.

சர்குலேஷனும் ரீடர்ஷிப்பும் ஒண்ணுதானே?

இல்லை. விற்ற பிரதிகளின் எண்ணிக்கை சர்குலேஷன். அதை 1948-ல் தொடங்கிய ஏபிசி என்னும் தணிக்கை அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறது. உறுப்பினராக இருக்கும் பத்திரிகைகளுக்கு மட்டும். எத்தனை பேர் படித்தார்கள் என்பது ரீடர்ஷிப். அதற்கு வீடு வீடாகப் போய்க் கேட்கும் இந்தியன் ரீடர்ஷிப் சர்வே இருந்தது. 2019-க்குப் பிறகு அது வரவில்லை. அதற்குப் பின் ‘நாங்கள்தான் நம்பர் ஒன், இத்தனை லட்சம் வாசகர்கள்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்த ஆண்டுக் கணக்கு என்று பொடி எழுத்தைப் படியுங்கள்.

சலூனில் கிடக்கும் ஒரு குமுதத்தை முடிவெட்ட வந்தவர், கூட வந்த பையன், சும்மா பேச்சுக்கு வந்து உட்கார்ந்தவர் என்று எல்லோரும் புரட்டுவார்கள். விற்பனைக் கணக்கில் அது ஒரே பிரதி. இது தெரியாமல் சர்குலேஷனை வாசகர் எண்ணிக்கை என்று எழுதிவிட்டால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் அடி அங்கேதான் விழும்.

ஆன்லைன்ல வியூஸ் எத்தனைன்னு கீழேயே போட்டிருக்கே. அப்ப வாசகர் ஆய்வு ஈஸிதானே?

எண் கிடைப்பது ஈஸி. அது எதை எண்ணியது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரு நடிகையின் படத்தொகுப்பில் இருபது படம் இருந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கம் மாறினால், ஒரே ஆள் இருபது பார்வை ஆகிவிடுவார். தானாக ஓடும் வீடியோவை எதிரில் உட்கார்ந்து யாரும் பார்க்காமலும் இருக்கலாம். எத்தனை தனி ஆட்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கும். கேட்டால் தரமாட்டார்கள், தந்தாலும் நல்லதைத்தான் தருவார்கள்.

சலூன் இதழுக்கு நேர்ந்த கதை இங்கேயும் உண்டு. ஒரு போனை அம்மா, பிள்ளை, தாத்தா மூவரும் பார்க்கிற வீட்டில் கணக்குக்கு ஒரு ஆள்தான். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கிறவர், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் படித்தே செய்தியைத் தெரிந்துகொள்கிறார். அவர் வெப்சைட்டுக்குள் போகவே இல்லை. எந்தக் கணக்கிலும் வராத இப்படிப்பட்ட வாசகர்களைப் பற்றி, இருபது முப்பது பேரை நேரில் பார்த்துப் பேசி எழுதினாலே உங்கள் ஆய்வு மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கும்.

கமெண்ட்டை எல்லாம் காப்பி பண்ணி ‘வாசகர் கருத்து’ன்னு போடலாமா?

‘கமெண்ட் போட்டவர்களின் கருத்து’ என்று போடுங்கள். படித்தவர்களில் கமெண்ட் போடுகிறவர் கொஞ்சம் பேர்தான், அதிலும் கோபம் வந்தவர்தான் முதலில் தட்டுவார். கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து போட்டதும் அதற்குள் இருக்கும். அச்சில் வாசகர் கடிதப் பகுதிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அங்கே எதைப் போடுவது என்று ஆசிரியர் தேர்ந்தெடுத்திருப்பார்.

தியரி கட்டாயம் போடணுமா? ஸ்டூவர்ட் ஹால்னு ஒரு சாப்டர் எழுதச் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியலை.

புரியாமல் ஒரு சாப்டர் எழுதுவதற்குப் பதில், புரிந்த ஒன்றை உங்கள் ஆய்வு முழுக்கப் பயன்படுத்துங்கள். பிரிட்டனில் ஊடக ஆய்வு செய்த ஹால் 1973-ல் சொன்னது கஷ்டமானதே இல்லை. தயாரிக்கிறவர் ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார். பார்க்கிறவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளலாம், பாதி ஏற்றுப் பாதி தள்ளலாம், மொத்தமாக எதிர்த்தும் படிக்கலாம்.

நம்மூர் உதாரணம் எட்டு வழிச்சாலை. 2018-ல் சென்னைக்கும் சேலத்துக்கும் நடுவே 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பயண நேரம் பாதியாகும் என்று ஒரு வரைபடத்தோடு கட்டுரை வருகிறது என்று வையுங்கள். சென்னையில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர் ‘அட, மூணு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம்’ என்று படிப்பார். ஊரில் வியாபாரம் செய்கிறவர் ‘ரோடு வேணும்தான், ஆனா நல்ல வயல்ல எதுக்கு’ என்பார். தன் தென்னந்தோப்புக்குள் அளவுக்கல் நட்டதைப் பார்த்தவருக்கு அந்த வரைபடத்தின் நேர்கோடே ஆத்திரத்தைக் கிளப்பும். கட்டுரை ஒன்று, வாசிப்பு மூன்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தபோதும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியபோதும் வந்த தலைப்புகளை இப்படி ஆட்களிடம் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ஹால் தானாகப் புரிவார்.

மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972-ல் சொன்ன அஜெண்டா செட்டிங், ஊடகம் எதைப் பற்றி நினைக்க வைக்கிறது என்று பார்க்கும். அதற்கு வாசகர் கணக்கெடுப்பும் வேண்டும். நேரமில்லை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரெப்ரசென்டேஷன்னா ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனைன்னு எண்றதுதானே?

ரெப்ரசென்டேஷன் என்றால் யாரை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது. எண்ணுவதில் தொடங்குங்கள், அங்கேயே நிற்காதீர்கள். ஏற்காடு பற்றிய சுற்றுலாக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று தொடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு, படகுத்துறை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சி, தங்குமிட வாடகை என்று போகும். அதில் மனிதர்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது? எஸ்டேட் உரிமையாளருக்கு, ஓட்டல் மேலாளருக்கு, பெங்களூரிலிருந்து வந்த குடும்பத்துக்கு. யார் பேசுகிறார்? அவர்களே. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பல கட்டுரைகளில் இருக்கவே மாட்டார்கள். இருந்தால் விறகு தலைச்சுமையோடு நடக்கும் ஒரு பாட்டியின் படம், கீழே ‘மலையின் எளிமை’ என்று ஒரு வரி, பெயர் கிடையாது.

இப்போது வினைச்சொற்களைப் பாருங்கள். சுற்றுலா வந்தவர் ‘ரசிக்கிறார்’, ‘ருசிக்கிறார்’. எஸ்டேட்காரர் ‘உருவாக்கினார்’. காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் பற்றி வரும்போது மட்டும் ‘பறிக்கப்படுகிறது’ என்று ஆளே இல்லாத வாக்கியம். எண்ணிக்கை இதைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு கட்டுரையிலும் பார்த்ததைக் குறித்து வைக்கும் உங்கள் பதிவுத்தாளில் பெயர் உண்டா, மேற்கோள் உண்டா, படத்தில் முகம் தெரிகிறதா, என்ன செய்கிறார் என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்தைப் பத்தி எல்லாப் பத்திரிகையும் தப்பாதான் எழுதுறாங்கன்னு தலைப்பு வைக்கலாமா?

‘எல்லா’வும் ‘தப்பா’வும் தலைப்பில் இருந்தால் நிரூபிக்க முடியாது. ‘இந்த இதழ், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை’ என்று குறுக்குங்கள். பெண் சிசுக்கொலை பற்றிய கட்டுரைகளில் சேலம் மாவட்டத்தின் பெயர் நிறைய அடிபட்டிருக்கிறது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். அந்தக் கட்டுரைகளில் தாய் மட்டும் கூண்டில் நிற்கிறாளா, வரதட்சணையும் ஸ்கேன் மையமும் அப்பாவும் வருகிறார்களா என்று கேட்டால் அது ஆய்வு. ‘எங்க ஊர் மானத்தை வாங்கிட்டாங்க’ என்றால் அது வாசகர் கடிதம்.

வார இதழ்னா ஐம்பத்தி ரெண்டும் படிக்கணுமா?

வேண்டாம். மாதத்துக்கு ஒரு இதழ், ஆனால் ஒரே வாரத்தை எடுக்காமல் சுழற்றி எடுங்கள்: ஜனவரியில் முதல் வாரம், பிப்ரவரியில் இரண்டாவது, இப்படி. தீபாவளி, பொங்கல் சிறப்பிதழ்களைத் தனியாக வையுங்கள், அவற்றில் விளம்பரம் பக்கத்தை நிரப்பியிருக்கும். ஏன் இப்படி எடுத்தேன் என்று மூன்று வரி எழுதிவிட்டால் போதும்.

அட்டையில ஹீரோயின் படம் இருந்தாலே ‘மேல் கேஸ்’னு எழுதிடலாம்ல?

‘மேல் கேஸ்’ (male gaze) என்றால் பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்க வைக்கும் பார்வை. லாரா மல்வி என்ற திரைப்பட ஆய்வாளர் 1975-ல் அதைச் சொன்னது சினிமாவுக்கு. காமிரா யார் கண்ணாகிறது என்பது அவர் கேள்வி. அசையாத அட்டைப்படத்துக்கு அதைக் கொண்டுவரும்போது காரணம் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா, வேறெங்கோ பார்க்கிறாரா? உடம்பு எங்கே வெட்டப்பட்டிருக்கிறது? அதே அட்டையில் ஆண் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பெண்களுக்கான இதழின் அட்டையிலும் அதே போஸ்தான் என்றால், வாங்குகிறவர் பெண், பார்வை யாருடையது? அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.

நிறத்தையும் விடாதீர்கள். சிவப்பழகு விளம்பரங்களில் கருத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2014-ல் விதி கொண்டுவந்தது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரையே குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறிய பின் உள்ளே வருகிற மாடல்கள் மாறினார்களா என்று, அதற்கு முன் இரண்டு ஆண்டு, பின் இரண்டு ஆண்டு அட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

விளம்பரம் என் தலைப்பு இல்லையே. அதை விட்டுடலாம்ல?

இதழின் விலை அச்சுக்கூலிக்கே பத்தாது. செலவை விளம்பரதாரர்தான் தாங்குகிறார். அவரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதிலும் கட்டுரை மாதிரியே எழுத்து, கட்டுரை மாதிரியே படம், மூலையில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ‘விளம்பரப் பகுதி’ என்று போட்டு வரும் பக்கங்களைத் தனிப்பட்டியல் எடுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் இன்ஃபுளுயன்சர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் ஏஎஸ்சிஐ வழிகாட்டி கொண்டுவந்தது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதே ஒரு நல்ல குட்டி ஆய்வு.

பழைய இதழ்களின் கடைசிப் பக்கங்களில் லேகியம், மந்திரத் தாயத்து, ‘இரகசியமாக வி.பி.பி.யில் (தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் முறையில்) அனுப்பப்படும்’ வகையறா நிறைய இருக்கும். மருந்து, மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் விளம்பரம் எப்படித் தொடர்ந்தது என்பது கட்டுப்பாட்டைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்லும்.

சினிமாவுக்கு சென்சார் இருக்கு. பத்திரிகைக்கு யார் சென்சார்?

வெளியிடும் முன் காட்டி அனுமதி வாங்கும் முறை பத்திரிகைக்குக் கிடையாது. நெருக்கடி நிலைக் காலத்தில் இருந்தது, அது விதிவிலக்கு. அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது, 19(2) எந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடுகிறது.

இதில் சேலத்தின் நிழலும் விழுகிறது. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வர அரசு தடை போட்டது. பொது அமைதி என்று காரணம் சொன்னார்கள். அன்றைய 19(2)-ல் அப்படி ஒரு காரணமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த மே மாதம் தடையை ரத்து செய்தது. மறு ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒழுங்குமுறை பற்றி எழுதுகிறவர்கள் வெளிநாட்டு வழக்குகளில் தொடங்குவதைப் பார்க்கும்போது, ‘ஜெயில் இங்கே பக்கத்துலயே இருக்கு, போய்ப் பாருங்கப்பா’ என்று சொல்லத் தோன்றும்.

பிரஸ் கவுன்சில்ல புகார் குடுத்தா பத்திரிகையை மூடிடுவாங்களா?

மூட முடியாது, அபராதமும் போட முடியாது. 1978-ன் பிரஸ் கவுன்சில் சட்டப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். புகார் செய்பவர் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். பல்லில்லாத அமைப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பல் யாரிடம் இருக்க வேண்டும், அரசிடமா என்று அடுத்த வரியில் கேட்கிறவர்கள் குறைவு.

சொந்தமா ஒரு இதழ் ஆரம்பிக்கணும்னா ரிஜிஸ்டர் பண்ணணுமா? வெப்சைட்டுக்கும் வேணுமா?

அச்சிதழுக்கு வேண்டும். 1867-லிருந்து இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய சட்டம் வந்து 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்பும் பதிவும் இப்போது ஆன்லைனிலேயே. செய்தி வெப்சைட் அந்தச் சட்டத்துக்குள் வராது. வேறு விதிக்குள் வரும், அடுத்த பதில் அதுதான்.

யூடியூப் சேனல்காரங்களுக்குச் சட்டமே இல்லைன்னு சொல்றாங்களே?

அவதூறுச் சட்டம், போக்சோ, நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் அச்சில் எழுதினாலும் கேமரா முன்னால் பேசினாலும் ஒன்றுதான். இணையத்துக்கென்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இருக்கிறது. அதன் 66ஏ பிரிவை, ‘எரிச்சலூட்டும்’ பதிவுக்கெல்லாம் கைது செய்ய இடம் கொடுத்த பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அது போய்ப் பல வருஷம் ஆகியும் ப்ராஜெக்ட்டுகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அந்தத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் இணையச் செய்தி வெளியீட்டாளர்களுக்கு ஒரு நெறிமுறை, ஒரு குறைதீர்ப்பு அலுவலர், பதினைந்து நாளில் பதில் என்று தொடங்கி, மேலே சுயகட்டுப்பாட்டு அமைப்பு, அதற்கு மேலே மத்திய அரசு என்று மூன்று அடுக்கு வைத்தன. அந்த அடுக்குமுறையைச் சொல்லும் விதி 9-ன் முக்கியப் பகுதிகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுக்கப் பொருந்த வேண்டும் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே ‘விதி இருக்கிறது’ என்று எழுதும் வாக்கியத்தோடு ‘வழக்கும் இருக்கிறது’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு கார்ட்டூனுக்காக வெப்சைட்டையே முடக்க முடியுமா?

முடக்கியிருக்கிறார்கள். இதற்கு ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு சம்பவங்கள் கிடைப்பது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம். 1987-ல் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் உரிமை மீறல் என்று மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு வந்து சில நாளில் வெளியே வந்தார். அவர் போட்ட வழக்கில் பின்னாளில் ஜெயித்து ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் மின்னிதழில் பிரதமர் பற்றி வந்த கார்ட்டூனுக்குப் பிறகு விகடன் வெப்சைட் முடங்கியது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

1987-ல் தண்டித்தது சபாநாயகர், சபை. எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. கடைகளில் இருந்த இதழ் அப்படியே இருந்தது. 2025-ல் ஆசிரியர் வீட்டில் இருந்தார், இதழ்தான் காணாமல் போனது. ஒரு கார்ட்டூனோடு அதற்குச் சம்பந்தமில்லாத சமையல் குறிப்பும் ராசிபலனும்கூடச் சேர்ந்து இருட்டானது. எந்தக் கட்டுப்பாடு கடுமையானது என்று எழுதச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நக்கீரன் - ஆட்டோ சங்கர் கேஸ் பத்திரிகைச் சுதந்திரமா, பிரைவசியா? ஒரு சார் அப்படிச் சொல்றார், இன்னொரு சார் இப்படிச் சொல்றார்.

இரண்டு பேரும் சரிதான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட இருந்தது. அதில் காவல்துறை அதிகாரிகளின் பெயர் வரும் என்பதால் வெளியிடக்கூடாது என்று சிறைத்துறை கடிதம் அனுப்பியது. பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது என்றது, அது பிரைவசி. பொது ஆவணங்களில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலும் எழுதலாம், அதிகாரிகள் தங்கள் மானம் போகும் என்று முன்கூட்டியே தடை கேட்க முடியாது என்றும் சொன்னது. அது பத்திரிகைச் சுதந்திரம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பிரைவசியை அடிப்படை உரிமை என்று சொன்னபோது இந்தத் தீர்ப்பும் பேசப்பட்டது. 1995 ஏப்ரல் 27 அன்று ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது, மேலே சொன்ன அதே சேலம் சிறையில்தான்.

குற்றச் செய்தி பத்தி ஆய்வு பண்றேன். செய்தியில பேர் வந்திருச்சு, நானும் போடலாம்ல?

போடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். குழந்தை என்றால் போக்சோ 23-வது பிரிவு. பத்திரிகை தப்பு செய்திருந்தால் உங்கள் பின்னிணைப்பில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் அதே தப்பைத் திரும்பச் செய்யும். பெயரோடு ஊர், பள்ளி, அப்பாவின் கடை என்று எல்லாவற்றையும் கறுப்படியுங்கள். ‘பெயர் தவிர மற்ற எல்லாம் போட்டிருந்தார்கள்’ என்பதே பல சமயம் உங்கள் கண்டுபிடிப்பாக இருக்கும்.

நான் ஏற்காடு மலைக்காரி. எங்க ஊர் பத்தின கட்டுரைகளை நானே ஆய்வு பண்ணா, ‘உனக்கு ஒருதலைப்பட்சம்’னு வைவாவுல சொல்ல மாட்டாங்களா?

சொல்வார்கள். மலைக்குக் கீழே இருந்து வருகிறவரிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். முதல் அத்தியாயத்திலேயே நான் இந்த ஊர், இந்தச் சமூகம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ரெப்ரசென்டேஷன் கேள்விக்குச் சொன்ன பதிவுத்தாளைக் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்னால் தயார் செய்யுங்கள், படித்த பிறகு கட்டங்களை மாற்றாதீர்கள். பத்தில் ஒரு பங்கு கட்டுரைகளைச் சேலம் டவுனில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் கொடுத்து, நீங்கள் நிரப்பிய தாளைக் காட்டாமல் அவளையும் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள்.

வெளியாளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். ‘ஏற்காடு’ என்று போட்டிருக்கும் படம் ஏற்காடே இல்லை என்று பார்த்ததும் சொல்லிவிடுவீர்கள். அதை மட்டும் தனிக் கட்டமாகத் தாளில் முன்கூட்டியே சேர்த்து, எந்தப் பாறை, எந்தத் திருப்பம் என்று காரணத்தோடு குறித்து வையுங்கள். கேள்வி வந்தால் இரண்டு தாளையும் மேஜையில் எடுத்து வைத்துவிட்டு, ‘எந்தக் கட்டத்துல ஒருதலைப்பட்சம் தெரியுதுன்னு சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள்.